மடிக்கும்போது தோன்றியது

பைண்டிங் கூடத்தில் தங்கைக்கு வக்கீல் என்று பெயர். வைத்தவர் மேஸ்திரி. இன்றைக்குப் பசை ஏன் தண்ணியாக இருக்கிறது என்பதில் தொடங்கி, உலகத்தைப் படைத்தவன் ஞாயிற்றுக்கிழமையை ஏன் இவ்வளவு குட்டையாகப் படைத்தான் என்பது வரைக்கும் அவள் வழக்காடாத விஷயம் கிடையாது. அக்காவுக்குத் தனியாகப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வக்கீலுடைய அக்கா, அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவள் மாதிரி நின்று வேலை பார்ப்பாள்.

இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று தாள் மடிப்பவர்கள். அச்சகத்திலிருந்து தாள்கள் பாய் அகலத்துக்கு வரும். ஒன்றை எடுத்து மடித்து மடித்துப் பதினாறு பக்கமாக்கினால் அது ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்து, பசை போட்டு, அட்டைக்குள் தள்ளினால் புத்தகம். அச்சகத்துக்காரர்கள் எதை முதலில் அடித்து முடிக்கிறார்களோ அது முதலில் வரும், அதனால் கதையின் நடுப்பகுதி ஒரு நாள் வரும், முடிவு அதற்கு முன்பே வந்து மூலையில் கிடக்கும். மடிக்கிற வேகத்தில் கண்ணில் படுவதும் ஃபாரத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான். மற்றதெல்லாம் மடிப்புக்குள் போய்விடும். அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கான புத்தகங்களைக் கையில் எடுத்தவர்கள். ஒன்றைக்கூட முழுசாகப் படித்தது இல்லை.

இதில் வக்கீலுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. முதல் பக்கத்தில் ஒரு பெண் ரயிலடியில் நின்று அழுவாள். பதினாறாம் பக்கத்தில் அவளே வேறொருவனோடு சிரித்துக்கொண்டிருப்பாள். நடுவில் என்ன நடந்தது என்பதை வக்கீல் மடித்துக்கொண்டே சொல்வாள். மேசை முழுக்கக் கேட்கும். யாராவது விளிம்பைப் பிரித்து எட்டிப் பார்த்தால் அவள் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்காது, ஆனால் அவள் சொன்னதுதான் நன்றாக இருக்கும்.

அப்படி வந்ததுதான் அந்தத் தடிப் புத்தகமும். மேல்நாட்டுத் தத்துவ ஞானிகள் ஏழைகளையும் உழைப்பாளிகளையும் பற்றிக் காலங்காலமாக என்ன நினைத்தார்கள் என்று ஒரு பேராசிரியர் எழுதியது. மேஸ்திரி தாள் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏழையைப் பத்தின்னா ஒல்லியா இருக்கும்னு நினைச்சேன்" என்றார். அதிசயமாக முதல் ஃபாரம் முதலில் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் முன்னுரையின் முடிவு இருந்தது. இந்தப் புத்தகம் முழுக்க உழைப்பவர்களைப் பற்றிப் பிறர்தான் பேசுவார்கள், கடைசி இயலில் உழைப்பவர்களே பேசுவார்கள் என்று பேராசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வக்கீல் அதை உரக்கப் படித்தாள். "அந்தக் கடைசி ஃபாரம் வந்தா யாரும் கை வைக்கக் கூடாது. நாந்தான் மடிப்பேன்" என்று மேசைக்கே உத்தரவு போட்டாள்.

அதற்குள் அவள் படுத்துவிட்டாள். நெஞ்சில் நெடுநாளாக ஒரு இரைப்பு இருந்தது. மாடிப்படியில் நின்று நின்று ஏறியவள், பிறகு ஏறவே முடியாமல் ஆனாள். வைத்தியர் அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு அக்காவை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். என்ன சொன்னார் என்று தங்கை கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர்கள் இருந்தது மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்து பல காலம். தங்கை கல்யாணம் என்ற பேச்சுக்கே பிடி கொடுக்கவில்லை. ஒருத்திக்கு ஒருத்திதான் துணை. பகலில் பக்கத்து அறைத் தையல்காரி வந்து தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் அக்கா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கட்டிலிலிருந்து குரல் வரும்.

"இன்னைக்கு யாரு?"

எந்த ஞானி என்று அர்த்தம். வாயில்லாத அக்கா அந்த ஒரு கேள்விக்காகப் பகல் முழுக்க மனப்பாடம் செய்தாள். மடிக்கும்போது முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மறுபடி மறுபடி வாய்க்குள் சொல்லிக்கொள்வாள், தெருவில் நடக்கும்போதும் சொல்லிக்கொண்டே வருவாள், எதிரே வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தால்கூட நிறுத்த மாட்டாள்.

"ரொம்பப் பழைய காலத்து ஆளு ஒருத்தர்டி. செருப்புத் தைக்கறவன் செருப்பு மட்டும்தான் தைக்கணுமாம். ஒருத்தனுக்கு ஒரு வேலைதானாம். நாட்டை எப்படி ஆளறதுன்னு அவன் யோசிக்கப்படாதாம்."

"இவருக்கு அவன் மேல என்ன கோபம்? செருப்பு கடிச்சிருக்குமோ?"

அக்கா சிரித்தாள். தங்கையும் சிரிக்கப் போய், மூச்சு வாங்கி, தலையணையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு நாள் ஃபாரத்தில் ஒரு சாமியார் வந்தார். கடவுள் நினைத்திருந்தால் எல்லாரையும் பணக்காரர்களாகப் படைத்திருக்கலாம், பணக்காரன் தானம் கொடுத்துப் பாவத்தைக் கழுவிக்கொள்வதற்காகத்தான் ஏழைகளை வைத்திருக்கிறார் என்றார் அவர். "ஆக நாம சோப்பு" என்றாள் வக்கீல். பசி ஒன்றுதான் ஏழையை வேலைக்கு எழுப்பும், ஆகவே சோறு போட்டு அவனைக் கெடுக்காதீர்கள் என்று ஒரு மகான் சொல்லியிருந்தார். அவர் காலையில் சாப்பிட்டுவிட்டு எழுதினாரா சாப்பிடாமல் எழுதினாரா என்று பார்த்துவரும்படி அக்காவுக்கு உத்தரவாயிற்று. பாமர ஜனங்களை நானும் கேவலமாகத்தான் நினைத்திருந்தேன், பிறகு எனக்குப் புத்தி வந்தது என்று ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். "பரவாயில்லையே, அவருக்கு ஒரு நாற்காலி போடு" என்றாள் தங்கை. அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அக்கா அதிலிருந்து எழுந்து நின்றாள்.

உழைக்கிறவர்கள்தான் உலகத்தைப் புரட்டிப் போடப் போகிறவர்கள் என்று எழுதியவருடைய ஃபாரம் வந்த அன்று, அதை அக்கா இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. தங்கையின் முகத்தில் ரத்தம் ஓடியது. ஆனால் அந்தப் பலம் தங்களிடம் இருப்பது அவர்களுக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று கடைசிப் பக்கம் முடிந்திருந்தது.

"நமக்குத் தெரியலைங்கறது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கென்னடி தெரியும்? உள்பக்கத்துல இருக்குமோ என்னவோ."

"எல்லாரும் நல்லதை உள்பக்கத்துல வச்சிடறாங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

நாளெல்லாம் படுத்துக் கிடப்பது அவளை வாட்டியது. வலியைவிட அதுதான் பெரிய துன்பம் என்றாள். அக்கா மேஸ்திரியிடம் கேட்டு, மை ஈஷிப்போய்க் கழித்த தாள்களைச் சுருட்டி எடுத்துவந்து கட்டிலில் போட்டாள். தலையணையில் சாய்ந்தபடி, போர்வைக்கு மேல் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, தங்கை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். ஒன்றுக்கும் உதவாத தாள்கள். ஆனாலும் மூலைக்கு மூலை பொருந்த மடிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் செருப்பைப் பற்றிச் சொன்ன ஞானியின் சீடர் வந்து சேர்ந்தார். ஓய்வு உள்ளவனுக்குத்தான் உயர்ந்த வாழ்க்கை வாய்க்கும், கையால் வேலை செய்து பிழைக்கிறவனுக்கு அதற்கு நேரம் ஏது என்று அவர் கேட்டிருந்தார். தங்கை அன்றைக்கு எந்தக் கிண்டலும் செய்யவில்லை. மறுநாள் சாயங்காலம் அக்கா வந்தபோது கட்டில் முழுக்க மடித்த தாள்கள், தங்கையின் கண் இரண்டும் பளபளவென்று இருந்தன.

"அக்கா, உக்காரு. ஒண்ணு சொல்றேன், கேளு. நம்ம நேரத்தை எடுத்துக்கிட்டுதான் அவங்க யோசிச்சிருக்காங்க. எடுத்துக்கிட்டு, அப்புறம் நம்மளையே பார்த்து, உனக்கு யோசிக்க நேரமில்லைங்கறாங்க."

அக்காவுக்கு அது உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது அவருக்குச் சமைத்தது யார், துவைத்தது யார், அவர் எழுதினதைச் சுமந்தது யார் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. உடம்பு சிலிர்த்தது.

"எப்படிடி தோணிச்சு?"

"மடிக்கும்போதுதான். இத்தனை நாள் ஓய்வா கிடந்தேனே, ஒண்ணும் தோணல. கை ஓட ஆரம்பிச்சதும் அது பாட்டுக்கு வந்துடுச்சு." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "அந்தப் புத்தகத்துல யாராவது இதைச் சொல்லியிருக்காங்களான்னு பார்த்துக்கிட்டே வாக்கா" என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலக் கேள்வி இரண்டாயிற்று. இன்னைக்கு யாரு? அது வந்துச்சா? அக்கா இப்போது திருட்டுத்தனமாக விளிம்பைப் பிரித்து உள்பக்கங்களையும் எட்டிப் பார்த்தாள். "இல்லடி, வரல" என்று சொல்லும்போதெல்லாம் தங்கை "ம்" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வாள். பெரியவர்கள் யாராவது ஒருவர் அதைச் சொல்லியிருந்தால், தான் நினைத்தது சரிதான் என்று இவளுக்கு ஒரு நிம்மதி கிடைக்குமே, ஒரு பாவியும் சொல்லித் தொலைக்கவில்லையே என்று ஞானிகள் அத்தனை பேர் மேலும் அக்காவுக்கு ஆத்திரம் வந்தது.

ஒரு வாத்தியாரம்மாவின் ஃபாரம் வந்தது. பாடம் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டு ஆலையில் போய் நின்றவள். அங்கே அடிக்கிற களைப்பில் யோசிக்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தாள். தங்கை அவளைக் கிண்டல் செய்யவில்லை.

"பாவம். கை பழகறதுக்குள்ள போயிட்டா" என்றாள். பிறகு, "அது வந்துச்சா?"

"இல்லடி."

"ம்."

தங்கை ஒரு வாய்க் கஞ்சிக்கும் முகத்தைத் திருப்பத் தொடங்கிய வாரத்தில்தான் கடைசி ஃபாரம் வந்தது. மேஸ்திரி அதை வேறு மேசைக்குப் போகவிடாமல் அக்காவிடமே கொண்டுவந்து வைத்தார். முதல் தாளை அவள் மடிக்கவே இல்லை. விரித்து வைத்து, தலைகீழாக இருந்த பக்கங்களுக்கு மேசையைச் சுற்றிவந்து, நின்று படித்தாள். மேஸ்திரி பார்த்துவிட்டுப் பார்க்காதவர் மாதிரி போனார்.

உழைப்பவர்கள் பேசவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற எழுத்து மிகக் குறைவு என்று பேராசிரியர் வருத்தப்பட்டிருந்தார். ஆகவே அவர்கள் பேசியிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்பது குறித்து அண்மைக் கால அறிஞர்கள் மூவரின் கருத்துகளைக் காண்போம் என்று எழுதி, மூவரையும் கண்டிருந்தார். அதற்குப் பிறகு நன்றியுரை. அதில் அவருடைய மனைவிக்கும், நூலகத்துக்கும், ஓராண்டு விடுப்புக் கொடுத்த கல்லூரிக்கும் நன்றி சொல்லியிருந்தது. அக்காவுக்கு அழுகை வரவில்லை. தாளைக் கிழித்துப்போட வேண்டும் போல் கை துடித்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு நடந்தபோது அன்று அவள் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நின்றாள். இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? சாகக் கிடக்கிறவள் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாளோ, அங்கே ஒன்றுமே இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

"இன்னைக்கு யாரு?" குரல் கிட்டத்தட்ட காற்றாகத்தான் வந்தது.

"கடைசி ஃபாரம் வந்துடுச்சுடி."

தங்கை எழுந்து உட்கார முயன்றாள். அக்கா அவளைத் தாங்கிச் சாய்த்து உட்காரவைத்தாள்.

"யாரு பேசறாங்க?"

"ஒரு பொம்பளை." அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பேர் போடல. ரொம்ப காலத்துக்கு முன்னாடி, எங்கேயோ ஒரு ஊர்ல. நம்மளை மாதிரி பைண்டிங் வேலை பார்த்தவளாம்."

"பைண்டிங்கா!" தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொல்றா?"

என்ன சொல்வாள்? அக்காவிடம் சொந்தமாக ஒரு வாக்கியமும் இல்லை. அவளுக்குத் தெரிந்த, கேட்ட, உடம்பு சிலிர்த்த ஒரே வாக்கியம் ஒன்றுதான். அது வந்துச்சா, அது வந்துச்சா என்று இத்தனை நாள் கேட்டாளே, வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"நம்ம நேரத்தை எடுத்துக்கிட்டுதான் அவங்க யோசிச்சாங்க. எடுத்துக்கிட்டு, நம்மளையே பார்த்து, உனக்கு யோசிக்க நேரமில்லைங்கறாங்க. இப்படித்தான் சொல்லியிருக்கா."

அக்கா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பாள், பார்த்தியா நான் சொன்னேன்ல என்பாள் என்று காத்திருந்தாள்.

"இதே வார்த்தையா?"

"இதேதான்டி."

"நல்லா சொல்லியிருக்கா." பிடித்திருந்த கை மெல்ல விட்டது. "நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. தினம் நீ வரலைன்னு சொல்லும்போதெல்லாம், அப்பாடா, இன்னும் என்னோடதாத்தான் இருக்குன்னு இருக்கும். நமக்குன்னு என்ன இருக்கு? இந்த அறைகூட நம்மளோடது இல்ல. இது ஒண்ணு என் தலையில பிறந்துதுன்னு, அதை வச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன்." சிரித்தாள். "எவளோ முன்னாடியே சொல்லிட்டுப் போயிட்டாளே."

அக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது. தினம் தினம் அந்த "ம்" என்பது ஏமாற்றம் இல்லை, நிம்மதி. தான் பெற்ற பிள்ளையைப் போல் வைத்திருந்ததைப் பிடுங்கி, இல்லாத எவளிடமோ கொடுத்துவிட்டு நிற்கிறோம் என்று புரிந்தது.

"பொய்டி! நான் சொன்னது பொய். அப்படி ஒருத்தி இல்லவே இல்ல. அந்த ஃபாரத்துல ஒருத்தரும் பேசல. நீ சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன். உன்னோடதுதான்டி அது."

தங்கை அவளைப் பரிவாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை அக்காவால் தாங்க முடியவில்லை. "என் மனசு நோகுதுன்னு இப்படிச் சொல்றே" என்றாள் தங்கை. "விடுக்கா. புத்தகத்துல இருக்கறது இருக்கறதுதானே."

அக்கா குலதெய்வத்தின் மேல், செத்த புருஷன் மேல், எல்லார் மேலும் சத்தியம் செய்தாள். எதுவும் எடுபடவில்லை. புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்ன பொய் ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டது. அக்கா வாயால் வந்த உண்மைக்கு அங்கே இடம் இல்லை.

மறுநாள் அந்தக் கடைசி ஃபாரத்தில் ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மதியமே ஓடிவந்தாள். கட்டிலில் விரித்துக் காட்டினாள். பார், இதுதான் கடைசி இயல், இங்கே பார், மூணு அறிஞர்கள், இங்கே நன்றியுரை, எங்கே இருக்கிறாள் அவள்? தங்கைக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை. விரலால் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பழகிய விரல்.

"இது வேற ஃபாரம்க்கா."

"இதான்டி கடைசி! இதுக்கு மேல கிடையாது!"

"அவ பேசினது இதுக்கு முந்தின ஃபாரத்துல இருக்கும். நீ வேணும்னே இதைக் கொண்டுவந்திருக்கே." மூச்சுக்கு நடுவில் கொஞ்சம் பழைய வக்கீல் எட்டிப் பார்த்தாள். "எங்கிட்டயே ஃபாரத்தை மாத்திக் காட்டறியா?"

வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஒரு புத்தகத்துக்கு எத்தனை துண்டு, ஒரு துண்டில் இல்லாதது இன்னொரு துண்டில் இருக்கும் என்று ஆயுசெல்லாம் மடித்துப் பார்த்தவளிடம், ஒரு தாளை வைத்து என்ன நிரூபிப்பது? முழுப் புத்தகமும் தைத்து வரட்டும், பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுகிறேன் என்று அக்கா மனதுக்குள் கறுவிக்கொண்டாள். அதற்கு இன்னும் நாள் இருந்தது. தங்கைக்கு இல்லை.

வெயில் தாழ்ந்து ஜன்னலை விட்டு இறங்கும் நேரம் தங்கை கண்ணைத் திறந்தாள்.

"அவளைப் பார்க்க முடிஞ்சா ஒண்ணு கேட்டிருப்பேன்க்கா."

"யாரைடி?"

"அவளைத்தான். உனக்கும் மடிக்கும்போதுதான் தோணிச்சான்னு."

அக்கா வாயைத் திறந்தாள். இல்லை என்று இன்னொரு முறை சொல்லத்தான் திறந்தாள். தங்கையின் முகம் யாரோ ஒரு தோழியை எதிர்பார்த்துக் கதவைப் பார்க்கிற முகமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அந்தத் தோழி கிடையாது என்று சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"ஆமாடி" என்றாள். "மடிக்கும்போதுதான் தோணிச்சாம். போட்டிருக்கு."

"நினைச்சேன்" என்றாள் தங்கை. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. விடிந்தபோது தையல்காரிதான் வந்து அவளுடைய கண்களை மூடிவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா கூடத்துக்குத் திரும்பியபோது அந்தத் தடிப் புத்தகத்தின் ஃபாரங்கள் நீள மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாரும் மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் சேர்ந்து நடந்தாள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. எத்தனையாவது சுற்றிலோ, அந்தக் கூடம் அதுவரை கேட்டிராத அவள் குரல் கேட்டது.

"நம்ம நேரத்தை எடுத்துக்கிட்டுதான் அவங்க யோசிச்சிருக்காங்க. எடுத்துக்கிட்டு, நம்மளையே பார்த்து, உனக்கு யோசிக்க நேரமில்லைங்கறாங்க."

எல்லாரும் நின்றுவிட்டார்கள். மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அட, பிரமாதமா இருக்கேம்மா! எந்த ஃபாரத்துல வருது?"

"எந்த ஃபாரத்துலயும் வரல. என் தங்கச்சி சொன்னது."

"ஓ" என்றார் மேஸ்திரி. கண்ணாடி இறங்கி மூக்கில் உட்கார்ந்தது. அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "பாவம். தங்கமான பொண்ணு."

"ஆமாமா, தங்கமான பொண்ணு" என்றார்கள் மற்றவர்களும். ஒருத்தி அக்காவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு எல்லாரும் மறுபடி நடந்தார்கள். அந்தப் பேச்சு சரி என்று யாரும் சொல்லவில்லை. தப்பு, அப்படி இல்லை என்றாவது ஒருவர் எதிர்த்துச் சொல்ல மாட்டாரா என்று அக்கா கையில் ஃபாரத்தோடு காத்துக்கொண்டு நின்றாள்.